வில் வாத்தியாருக்கு ஜாமீன்

கோட்டை எல்லைக்குள் அயலூரான் எவனும் வில், வாள், கம்பு முதலான ஆயுதப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வருவதானால், அவனை அழைக்கிறவர்கள் முன்கூட்டி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வருகிறவனுடைய நடத்தைக்கு உள்ளூரார் இருவர் ஜாமீன் நிற்க வேண்டும். உத்தரவு கைக்கு வரும்வரை யாரும் ஆயுதத்தைத் தொடக் கூடாது. ஒல்லாந்த துரை சொல்லச் சொல்ல, துபாஷி அதைத் தமிழாக்க, எழுதிக் கோட்டை வாசலில் ஒட்டியவன் நான். ஒட்டிய காகிதத்தை உப்புக்காற்று ஒரு மழைக்காலத்துக்குள் தின்று தீர்த்தது. விதி மட்டும் மிச்சமிருந்தது. அப்படி ஒரு விதி இருப்பதை நினைவில் வைத்திருந்தவர்கள் பழவேற்காட்டில் மிகச் சிலர். அவர்களில் மீனவர் குப்பத்துத் தலைவரான பெரியதனக்காரரும் ஒருவர் என்று தெரிந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கோட்டையில் நான் துணிக் கணக்கு எழுதினேன். எழுத்து இரண்டு இரண்டாகத் தெரியத் தொடங்கியதும் போகச் சொல்லிவிட்டார்கள். நெசவாளர் தெரு முடிந்து குப்பம் தொடங்கும் இடத்தில் எனக்கு ஒரு வீடு. ஒரு பக்கம் தறிச் சத்தம், மறுபக்கம் கருவாட்டு வாசனை. விண்ணப்பம் எழுத வருகிறவர்களுக்கு வசதியான இடம்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் அவள் வந்தாள். தலையில் மீன் கூடையோடு தெருவில் போகும்போது பார்த்திருக்கிறேன். மடவை மீனை விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்களை அவள் வழியனுப்புவதையும் கேட்டிருக்கிறேன். கூடையை வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

“கணக்கப்பிள்ளே, ஒரு விண்ணப்பம் எழுதணும்.”

“இன்னா விஷயமா?”

“வில்லு வாத்தியாரு, கத்தி வாத்தியாரு, கம்பு வாத்தியாரு. மூணு பேரும் வோணும்.”

“யார் மேலம்மா படையெடுக்கப் போறே?”

“படையும் இல்ல, இன்னாவும் இல்ல. வலை போடப் போறோம்.”

அவள் சொன்னதைப் புரிந்துகொள்ள, ஏரிக்காரர்களின் முறை தெரிந்திருக்க வேண்டும். மீன் எந்த இடத்தில் கிடைக்கும் என்பது ஏரியில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அங்கேயே போய் அடித்துக்கொள்ளாமலிருக்க, வலை போடும் இடங்களைப் பாடு பாடாகப் பிரித்து, கல்யாணமான ஆண்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, யாருக்கு எந்தப் பாடு எந்த நாள் என்று முறை வைத்துவிடுகிறார்கள். தை மாதம் அம்மன் கோயிலுக்கு முன்னால் சீட்டு. ஒரு பெயரைக் கூப்பிட்டால் அந்த வீட்டுக்காரர் ஒருவர் “இருக்காரு” என்று சொல்ல வேண்டும். முறை வந்த நாளில் அந்தப் பெயருக்கு வலை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சீட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். செத்துப்போனவன் பெயரையும் அப்படியேதான் எடுப்பார்கள். பெயர் எடுபட்டவன் பெண்சாதி தாலியை எடுக்க வேண்டும். அவன் எதற்காக எடுபட்டான் என்று அம்மன் கேட்பதில்லை.

அவள் புருஷன் முந்தின வருஷத்து மழைக்காலத்தில் முகத்துவாரப் பாட்டில் காணாமற்போனவன். கடலும் ஏரியும் கலக்கிற அந்த இடத்தில் விடிகாலைப் பனியில் வலையிறக்கப் போனான். படகு கிடைத்தது, வலை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. மூழ்கிவிட்டான் என்றார் பெரியதனக்காரர். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

“படகு தள்ற கழி சேத்துல நட்டமா நின்னுது, கணக்கப்பிள்ளே. முங்கிச் சாவறவன் கழிய நட்டு, படக அதுல கட்டி வெச்சிட்டா முங்குவான்? எவனோ வந்து பேச்சுக் குடுத்திருக்கான். இவரும் நின்னு பேசியிருக்காரு.”

அந்த எவன் யார் என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. கிழக்கே போகும் கப்பல்களில் துணிப் பொதியோடு ஆட்களும் போனார்கள். ஆள்பிடிக்கிற தரகர்கள் பஞ்சத்தில் வந்தவர்களை விலைக்கு வாங்கினார்கள். பஞ்சமில்லாத காலத்தில் வேறு விதமாகச் சேகரித்தார்கள். துணிக் கணக்கு என்னிடம் இருந்தது. மற்றக் கணக்கு அடுத்த அறையில் இருந்தது, அதன் கதவு எப்போதும் சாத்தியிருக்கும்.

புருஷன் பெயருக்கு அவள் தம்பி வலையிறக்கலாம், அதற்கு முறையில் இடமுண்டு. இந்த வருஷச் சீட்டிலும் அந்தப் பெயருக்கு விழுந்தது அதே முகத்துவாரப் பாடு, கார்த்திகைக் கடைசியில். தம்பி தயார். ஆனால் படகில் கூட ஏற வேண்டிய பங்காளிகள் இருவரும் கையை விரித்துவிட்டார்கள். வெறுங்கையோடு முகத்துவாரத்துக்கு வரமாட்டோம், வில்லும் கத்தியும் பிடிக்கத் தெரிந்தால் வருகிறோம் என்றார்கள். மீன்காரனுக்கு யார் வில் சொல்லிக்கொடுப்பது? பெரியதனக்காரரிடம் கேட்டிருக்கிறாள். “வெளியூரு வாத்தியாரு வந்தா கோட்டை உத்தரவு வோணும்மா. கணக்கப்பிள்ளையக் கேளு, அவரு எழுதினதுதான்” என்று அவர்தான் என்னிடம் அனுப்பியிருக்கிறார்.

அந்தப் பெயர் எடுபட்டால் முகத்துவாரப் பாட்டில் முறை யாருக்குப் போகும் என்று கேட்டேன். பெரியதனக்காரருடைய மருமகனுக்கு என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. மீனை எடைபோடும்போதும் அப்படித்தான் இருக்கும்.

விண்ணப்பம் எழுதினேன். வில், வாள், கம்பு ஆகிய மூன்றுக்கும் அயலூர் வாத்தியார்களை வரவழைக்க அனுமதி. கோட்டை எழுத்தர் வாங்கி, எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்து, காகிதக் கட்டின்மேல் வைத்தார். அந்தக் கட்டின் உயரத்தை நான் அறிவேன். பதில் எப்போது என்று கேட்பது மரியாதையில்லை, ஆகவே கேட்கவில்லை.

பதில் வருமுன் வாத்தியார்களையாவது தேடிவைக்கலாம் என்று புறப்பட்டேன். அந்தத் தம்பியும் கூட வந்தான். அலை ஓயாத ஆள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான்.

பொன்னேரிச் சந்தையில் ஒரு கத்தி வஸ்தாது வித்தை காட்டிக்கொண்டிருந்தார். ஒருவன் வயிற்றின்மேல் பூசணிக்காயை வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு வாளால் ஒரே போடு. காய் இரண்டாயிற்று, வயிறு ஒன்றாகவே இருந்தது. கூட்டம் கலையுமுன் அருகில் போய் மரியாதையாகச் சொன்னேன்: “பழவேற்காட்டுக்கு வரணும். தங்க இடம், சாப்பாடு எல்லாம் நாங்க பாத்துக்கறோம். கொஞ்ச நாள் வேலைதான். திடகாத்திரமான ஆளா இருக்கீங்க, உங்களப் போல ஆளத்தான் தேடிக்கிட்டு வந்தோம்.”

சொல்லி முடித்தபோதே எங்களைச் சுற்றி இடம் அகலமானதைக் கவனித்தேன். ஒரு பெண் தன் மகனைச் சட்டென்று பின்னால் இழுத்தாள். வஸ்தாது கண்கட்டை முழுவதும் அவிழ்த்தார்.

“எந்த ஊருன்னே?”

“பழவேற்காடு.”

“கோட்டை ஆளா நீ?”

“இருந்தேன். இப்போ இல்லை.”

“எம் மச்சானையும் இப்டித்தான் கூட்டிக்கினு போனானுங்க. தங்க எடம், சாப்பாடு, கொஞ்ச நாள் வேல. மூட்ட தூக்கற வேலைன்னானுங்க. இன்னும் தூக்கிக்கினு கீறான் போல, வரவேயில்ல.” வாளைத் துடைக்காமலே உயர்த்தினார். பூசணிச் சாறு வழிந்தது. “நீயே படுக்கறியா பெருசு, வயித்துல காய் வெக்கறேன்?”

நான் என்னுடைய வயதுக்குத் தகுந்த வேகத்தில் அங்கிருந்து அகன்றேன். தம்பி என் வயதில் இல்லை, ஆகவே எனக்கு வெகு முன்னால் போய்விட்டான்.

ஆலமரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. நான் பேசிய ஒவ்வொரு சொல்லும் ஆள்பிடிக்கிற தரகன் பேசுகிற சொல். அவனும் கடற்கரையிலிருந்துதான் வருகிறான். அவனும் வலுவான ஆளைத்தான் தேடுகிறான். கோட்டையில் எழுதிய விதி, வருகிற வாத்தியாரை நம்பலாமா என்று கேட்டது. அவனை அழைக்கிற நாங்கள் நம்பத்தக்கவர்களா என்று கேட்க அதில் ஒரு வரிகூட இல்லை. நானும் எழுதும்போது கேட்கவில்லை.

அனுப்பம்பட்டில் ஒரு கம்பு வாத்தியார் இருந்தார். அவர் எங்களைக் கண்டதும் பாய் விரித்தார், மோர் கொடுத்தார், கேட்டவுடன் ஒப்புக்கொண்டார்.

“எத்தினி பேரு கத்துக்கப் போறாங்க?”

“மூணு பேர்.”

“வயசுப் பசங்கதானே? ஒடம்புல நோவு நொடி ஒண்ணும் இல்லியே? பல்லெல்லாம் நல்லா கீதா?”

கம்பு சுற்றுவதற்குப் பல் எதற்கு என்று தம்பி கேட்டான். வாத்தியார் சிரித்தார். கோட்டைப் படித்துறையில் கப்பலேற்றுகிற ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பல்லைப் பார்ப்பதை நான் மேல்மாடத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மோரைக் கீழே வைத்தேன். “பதில் வந்ததும் சொல்லியனுப்புகிறோம்” என்றேன். கோட்டையில் கற்ற வாசகங்களில் இதைப்போல உதவியது வேறில்லை.

“இப்போ இன்னா பண்றது?” என்றான் தம்பி, வெளியே வந்ததும். “வர மாட்டேன்னு சொல்றவன் நல்லவன். வரேன்னு சொல்றவன் திருடன். அப்போ யாருதான் வர்றது?”

குப்பத்துக்குத் திரும்பினோம்.

காட்டூரில் வயல்களுக்குக் காவலிருக்கும் ஒருவரைப் பற்றி அவன் அக்காதான் சொன்னாள். அவள் அங்கே கருவாடு விற்கப் போவதுண்டு. இரவில் பரண்மேல் இருந்து, பயிரை உழக்கவரும் பன்றிகளை வில்லால் அடிப்பவர். இந்த முறை அவளும் வந்தாள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று வழியிலேயே சொல்லிவிட்டாள்.

காவல்காரர் சிறிய உடம்பு, நீண்ட கை. மூங்கில் வில்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவள் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். புருஷன், கழி, முறை, தாலி எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே எண்ணெய் தடவினார். பதில் சொன்னது அவர் பெண்சாதி.

“நல்லாத்தான் சொல்றே யம்மா. கண்ணுல தண்ணி வருது. ஆனா கடக்கரைப் பக்கம் போன ஆம்பள திரும்பி வரலன்னா நான் யார் வூட்டு வாசல்ல வந்து நிக்கறது? உன் வூடு எனுக்குத் தெரியாது. இந்தப் பெரியவரு மூஞ்சியப் பாத்தாலே கோட்டை தெரியுது.”

“இன்னா வோணும் உனக்கு? ஜாமீனா?”

“ஆமா. ஜாமீன்.”

“நான் நிக்கறேன்.”

“நின்னுட்டு மீன் விக்கப் போயிடுவே.”

“இங்கியே நிக்கறேன்,” என்றாள் அவள். “உன் வூட்ல. நடவு நட ஆள் தேடிக்கினு இருக்கியாமே. அவரு அங்க வில்லு கத்துக் குடுக்கட்டும், நான் இங்க நாத்து நடறேன். உன் ஆள் திரும்பி வர்ற அன்னிக்கு நான் போறேன். வரலன்னா என்னை இந்தச் சேத்துலயே பொதச்சுடு.”

“நடவு நட்டிருக்கியா எப்பனா?”

“வலைய நட்டிருக்கேன்.”

காவல்காரரின் பெண்சாதி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “கால் சேத்துல எறங்கினா நண்டு கடிக்கும்னு பயப்படாம இருந்தா சரி” என்றாள். பேரம் முடிந்துவிட்டது என்பதை, எங்களுக்கும் கூழ் ஊற்றியதிலிருந்து தெரிந்துகொண்டேன். ஜாமீன் இப்படியும் வாங்கலாம் என்பது என் முப்பது சொச்ச வருஷச் சேவகத்தில் யாரும் சொல்லாதது.

ஐப்பசி பிறந்ததும் அவள் காட்டூருக்குப் போனாள், காவல்காரர் வில்லோடு குப்பத்துக்கு வந்தார். கோட்டையிலிருந்து உத்தரவு வரவில்லை. விதிப்படி அவர் வில்லைத் தொடக் கூடாது. மூங்கிலைத் தொடக் கூடாது என்று விதியில் இல்லை, நாணேற்றும் வரை அது மூங்கில்தான் என்று நான் விளக்கம் சொன்னேன். நாணேற்றியபிறகு நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவருக்கு எங்கள்மேல் நம்பிக்கை என்று சொல்ல முடியாது. தம்பி முதல் கவளம் தின்னும்வரை சோற்றைத் தொடமாட்டார். படகுகள் கட்டியிருக்கும் பக்கம் முதுகைக் காட்டி உட்காரமாட்டார். அந்நியர் யாராவது கரையில் வந்தால், அவர் யார், எங்கே வந்தார் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அம்பு. குப்பத்தார் அவரைப் பார்த்ததும் அதே விதம்தான். ஆள்பிடிக்கிறவர்களுக்கு வேவு பார்க்க வந்தவன் என்று கிழவிகள் தங்கள் பேரப்பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவே நான் நின்றேன். என்னை இரண்டு பக்கமும் சந்தேகித்தது.

பயிற்சி நடந்ததா என்றால், நடந்தது. காவல்காரருக்குப் படகில் நிற்க வராது. மூன்று பேருக்கும் அம்பு விட வராது. பிறந்தது முதல் வீச்சு வலை வீசிய உடம்புகள், நாணை இழுத்ததும் இடுப்பைத் திருப்பி அம்பையும் வலைபோல வீசின.

“வீசாதப்பா! விடு! அது தானா போவும்!” என்று கத்துவார் காவல்காரர்.

“தானா போறதுக்கு அது இன்னா கெளுத்தியா?” என்பான் தம்பி.

அம்பு வளைந்து போய்த் தண்ணீரில் விழும். கரையிலிருந்து ஒருவன், “நைனா, ஏரிய அடிச்சது போதும், அது செத்துப்போச்சு!” என்பான். பிறகு காவல்காரர் படகில் ஏறிக் காட்டுவார். படகு சற்று அசைந்ததும் வில் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அவரைத் தூக்கிவிடும்போது மூன்று பேரும் பல்லைக் காட்டமாட்டார்கள். தண்ணீருக்குள் விழுந்தவனைப் பார்த்து ஏரிக்காரர் சிரிப்பதில்லை. கரையேறியபிறகு சிரிப்பார்கள்.

கார்த்திகைக்குள் ஒரு வழி பிறந்தது. இடுப்புக்கு மேலே காவல்காரர் சொன்னபடி, இடுப்புக்குக் கீழே படகு சொன்னபடி நிற்பது. அம்புகள் ஓரளவு நேராகப் போயின. வாளுக்கு ஆள் கிடைக்கவில்லை. கம்புக்கு, கழி தள்ளுகிற கையே போதும் என்று முடிவாயிற்று.

இந்தச் சமயத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. பயிற்சிக்கு நடுவே சும்மா இருக்க முடியாத காவல்காரர், ஒருநாள் கரைவலை இழுக்கிறவர்களோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தார். வயல்காரருக்குப் பிறர் இழுப்பதைக் கை கட்டிப் பார்ப்பது கஷ்டம். மீன் மணலில் விழுந்ததும் தம்பி வழக்கப்படி கூறு கட்டினான். கயிறு பிடித்த ஒவ்வொருவர் முன்னும் ஒரு கூறு. அவர் முன்னும் ஒன்று விழுந்தது. கை பழக்கத்தில் போட்டது. அவர் அதைத் துண்டில் அள்ளி முடிந்துகொண்டார்.

மறுநாள் காலை பெரியதனக்காரர் வந்தார். குரலை உயர்த்துகிறவரல்ல. மடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்.

“சீட்டுல பேரு இல்லாத வெளியாளு கூறு வாங்கிட்டான். கூறு போட்டவன் எந்தப் பேருக்கு வலை எறக்கறானோ அந்தப் பேரோட முறை கெட்டுப்போச்சு. இது நான் போட்ட சட்டமில்ல.”

“அவர் விருந்தாளி” என்றேன்.

“விருந்தாளிக்குச் சோறு போடுவாங்க, கணக்கப்பிள்ளே. கூறு போட மாட்டாங்க.”

நியாயம்தான். தம்பி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கொஞ்சம் யோசித்தேன். எந்த விதிக்கும் ஒரு பின்வாசல் உண்டு. அதைக் கட்டியவர்களே அதை மறந்திருப்பார்கள்.

“வெளியூரிலிருந்து கூலிக்கு வந்து படகு ஏறுகிறவன் கூறு வாங்குகிறானே, அது எப்படி?”

“படகு ஏர்றவன் வலைக்காரன். அவன் வாங்கலாம்.”

“அப்படியானால் முறை நாளில் இவரும் அதே படகில் ஏறிவிட்டால்?”

பெரியதனக்காரர் மென்றுகொண்டே காவல்காரரைப் பார்த்தார். படகைக் கண்டால் முதுகைத் திருப்பாத மனுஷனைப் பார்த்தார். புன்னகை செய்தார்.

“ஏறட்டும். மொவத்துவாரத்துக்குப் போயிட்டு வரட்டும். அப்போ முறை கெடல.”

முறை நாளுக்கு முந்தின நாள் காவல்காரர் ஊர் திரும்புவதாக ஏற்பாடு. மூட்டை கட்டியிருந்தார். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியதை இப்போதும் பார்க்கிறேன். கோபம் இல்லை, எதிர்பார்த்தது வந்துவிட்டது என்கிற முகம்.

“இதுக்குத்தானா இத்தினி நாளா சோறு போட்டீங்க?” என்றார். “மொதல்ல வில்லு. அப்பறம் மீனு. அப்பறம் படகு. அங்க கப்பல் படகு ஒண்ணு நிக்குமா?”

தம்பி அழுதுவிடுவான் போலிருந்தது. “நைனா, எங்க அக்கா உங்க வூட்ல கீது நைனா.”

“கீதா?” என்றார் அவர். “நீ சொல்றே. இருக்குதான்னு யாரு பாத்தா?”

மூட்டையைத் தோளில் போட்டார். ஜாமீனை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காட்டூர் வழியில் நடந்தார். வில்லை வைத்துவிட்டுப் போயிருந்தால் திரும்பி வருவார் என்று நினைத்திருக்கலாம். எடுத்துக்கொண்டு போனார். குப்பமே அவர் முதுகைப் பார்த்தது. பெரியதனக்காரருடைய மருமகன் தன் வலையை வெளியே எடுத்துக் கிழிசல் பார்க்கத் தொடங்கினான்.

கோட்டையில் வேலை பார்த்தவன் எவரையும் நம்பக் கற்பதில்லை. அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். அவரைக் குறை சொல்லவும் தோன்றவில்லை. அவருடைய இடத்தில் நான் பொன்னேரியையும் தாண்டியிருப்பேன்.

விடியுமுன் வந்துவிட்டார். கால் முட்டிவரை சேறு. துண்டில் கட்டுச்சோறு, இரண்டு பொட்டலம். ஒன்று தனக்கு, ஒன்று தம்பிக்கு. படகுக்குப் பக்கத்தில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“களை எடுத்துக்கினு இருந்துச்சு உங்க அக்கா. எம் பொண்டாட்டிகூட சண்ட போட்டுக்கினு. வாம்மா, நீயும் வந்து பாத்துக்கன்னு கூப்ட்டேன். வர மாட்டேன்னுடுச்சு.”

“ஏன்?”

“நான் இங்க இருந்தாத்தான நீ தைரியமா ஏறுவே, போ, அப்டின்னுது.”

தம்பி கழியை எடுத்துக்கொண்டு படகில் ஏறினான்.

படகில் ஏறியதும் காவல்காரர் ஒரு கயிறு கேட்டார். இடுப்பைச் சுற்றிக் குறுக்குப் பலகையோடு தன்னைக் கட்டிக்கொண்டார். பன்றிக்குப் பரண்மேல் கட்டிக்கொள்வதுபோல என்றார். ஆள்பிடிக்கிறவர்கள் கட்டுவதும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவரும் நினைத்திருப்பார். முடிச்சைத் தானே போட்டு, தானே இழுத்துப் பார்த்தார்.

நான் மணல்மேட்டில் நின்றேன். பெரியதனக்காரரும் வந்து என் பக்கத்தில் நின்றார். ஊர்க்காரர் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் கண்டது சாம்பல் நிறப் பனியும் அதில் ஒரு கரும்புள்ளியும்தான். மற்றதைப் பக்கத்தில் நின்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

வலை இறங்கிற்று. சற்று நேரத்தில் வடக்கிலிருந்து வேறொரு படகு வந்தது. பாட்டுக்குள் வருகிற படகு, யார் முறை என்று குரல் கொடுத்துத்தான் வர வேண்டும். அது குரல் கொடுக்கவில்லை. தம்பி கூப்பிட்டான், பதில் இல்லை. படகு இன்னும் கிட்டே வந்தது. மூன்று வில்லும் காவல்காரருடைய வில்லும் எழுந்தன. யாரும் அம்பு விடவில்லை. “வீசாத, வீசாத” என்று காவல்காரர் சொல்லிக்கொண்டே இருந்ததாகப் பிறகு தம்பி சொன்னான். அந்தப் படகு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பிப் பனிக்குள் போய்விட்டது.

“வெறகுப் படகு” என்றார் பெரியதனக்காரர்.

மற்றவர்களுக்கு அதில் என்ன ஏற்றியிருந்தது என்று தெரியவில்லை. எல்லாரையும்விட மூத்தவர் அவர், கண்ணில் பூ விழுந்தவர். விறகு என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? கேட்கவில்லை. விறகாகவே இருந்திருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

வலையில் கிடைத்தது கொஞ்சம் இறால், இரண்டு மூன்று மடவை. அதைக் கூறு கட்டினார்கள். காவல்காரருக்கும் ஒன்று. பெரியதனக்காரர் முன்னாலேயே போட்டார்கள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அன்று மாலையே அவள் காட்டூரிலிருந்து வந்துவிட்டாள். நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது. காவல்காரருடைய பெண்சாதி சமையலில் உப்பே போடுவதில்லை என்பதிலிருந்து குறைகளைத் தொடங்கி, நாற்று நடுவதற்கும் மீன் விற்பதற்கும் இடுப்பு வலியில் என்ன வித்தியாசம் என்பதுவரை சொன்னாள். முகத்துவாரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் எழுந்து போகும்போது தம்பியிடம், “கழி எங்க?” என்றாள். அவள் புருஷனுடைய பழைய கழியால்தான் தம்பி படகைத் தள்ளியிருந்தான். படகில் இருக்கிறது என்றான். அதை எடுத்துவந்து தன் வீட்டுக் கூரையின் இறவாணத்தில் செருகிவைத்தாள்.

அவன் மூழ்கினானா, கிழக்கே எங்காவது மூட்டை தூக்குகிறானா, யாரோடாவது ஓடிப்போனானா என்று நான் பல விதமாக யோசித்திருக்கிறேன். அவளிடம் கேட்டதில்லை. அவளும் இவற்றை எல்லாம் யோசித்திருப்பாள். எதையாவது ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டால் மற்ற இரண்டும் கெட்டுப்போகும் என்று நினைத்தாளோ என்னவோ.

தை அமாவாசைக்கு மறுநாள் அம்மன் கோயிலுக்கு முன்னால் சீட்டுப் போட்டார்கள். பெரியதனக்காரர்தான் பெயர் கூப்பிட்டார். அவள் பெண்கள் பக்கம் கூடையோடு நின்றாள். புருஷன் பெயர் வருகிற இடத்தில் அவர் சற்று நிறுத்தினார், தொண்டையைச் செருமிக்கொண்டார், பிறகு கூப்பிட்டார்.

“இருக்காரு!” என்றான் தம்பி, தேவைக்கு மேல் உரக்க. இந்த முறை விழுந்தது ஊருக்கு எதிரேயுள்ள ஆழமில்லாத பாடு. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு விற்கப் போய்விட்டாள்.

சீட்டு முடியுமுன் கோட்டைச் சேவகன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். கையில் முத்திரை வைத்த காகிதம். வில், வாள், கம்பு வாத்தியார் மூவரையும் வரவழைக்க ஆட்சேபமில்லை. அவர்களுக்கு ஜாமீன் நிற்கும் உள்ளூரார் இருவரும் கோட்டைக்கு நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். அதுவரை எவரும் ஆயுதத்தைத் தொடக் கூடாது. காகிதத்தின் ஓரத்தில், பதில் கிடைத்த தேதியை நானே எழுதி அனுப்ப வேண்டும் என்றிருந்தது. எழுதிக் கொடுத்தேன்: விக்கிரம வருஷம், தை மாதம், அமாவாசைக்கு மறுநாள், உச்சிப் பொழுது.